பத்து நாள் கண்ணீர்

ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். இரவில் மழை பெய்திருந்தது. கொடியில் கிடந்த இரண்டு துண்டுகளும் மறுபடி ஈரம். ஆறு மணிக்குக் காப்பி, சீனி இல்லாமல். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை — மழையே ஊற்றிவிட்டது. ஏழு பத்துக்கு இட்லி, மூன்று. எட்டு மணிக்கு இரத்த அழுத்த மாத்திரை, ஒன்று.

இதெல்லாம் எதற்கு? அன்றைய டைரியில் இதற்கு அடுத்து இருக்கும் வரியை எழுத எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. அதுவரை இட்லியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

'9.15. கோயில். தவமணி மயங்கி விழுந்தாள். சாமி வந்துவிட்டது என்றார்கள். நானும் கும்பிட்டேன்.'

தவமணி என் முப்பது வருஷத் தோழி. லாபிஸ் பக்கத்திலிருந்து அவளும், லாயாங் லாயாங்கிலிருந்து நானும் செனாயில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தோம். அவள் உற்பத்தி லைனில், நான் ஸ்டோரில். ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரே குளியலறை. யார் எத்தனை மணிக்குக் குளிப்பது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வீட்டில் தவமணியின் வேலை அழுவது.

டிவியில் தமிழ்ப் படம் ஓடினால் நாங்கள் படத்தைப் பார்க்க மாட்டோம், அவளைப் பார்ப்போம். எழுத்து ஓடி முடியுமுன்பே துண்டைத் தேடுவாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டால் அழுவாள். போனஸ் வந்தால் அழுவாள். சிரித்தாலும் கண்ணில் தண்ணீர்தான். ஃபேக்டரிக்குள் எல்லாருக்கும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் தெரியும். கண் சிவந்திருந்தால் அது தவமணி. அடையாள அட்டை பார்க்கத் தேவையில்லை.

அவள் எனக்காகவும் அழுதிருக்கிறாள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷக் கடைசி. ஸ்டாக் எடுக்கும் நேரம். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பதினாறு மணி நேர வேலை. தவமணியின் பக்கத்து லைனில் ஒருவன் 'பில் குடா' விற்பான் — குதிரை மாத்திரை. தூக்கம் வராது, களைப்பு தெரியாது என்பான். வாங்கினேன் — ஆமாம், நான்தான். ஒன்றை விழுங்கினேன்.

ஸ்டோரில் இருந்த அத்தனை அலமாரிகளையும் மூன்று மணி நேரத்தில் எண்ணி முடித்தேன். மறுபடி எண்ணினேன். இன்னொரு தடவையும் எண்ணினேன். உலகத்திலேயே என்னைப் போல் ஒரு ஸ்டோர் கிளார்க் கிடையாது என்று தோன்றியது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. பிறகு இரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை. பசியில்லை, பேச்சில்லை... சுவரில் ஒட்டியிருந்த என் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மூன்றாம் நாள் போய்ச் சரிபார்த்தால், எண்ணியது பாதிக்கு மேல் தப்பு.

அந்த இரண்டு நாளும் தவமணி லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. எனக்கும் சேர்த்து அவளே அழுதாள். நான் ஒளித்து வைத்திருந்த மிச்ச மாத்திரைகளைக் கக்கூசில் போட்டு மூன்று தடவை தண்ணீர் இழுத்துவிட்டாள்.

"இன்னொரு தடவ இதத் தொட்டே, ரயிலேறிப் போயி ஒங்கம்மாகிட்ட சொல்லிருவேன்டி இந்திரா. அவங்க ஒன்னய அடிக்கிறத நின்னு பாத்துட்டுத்தான் வருவேன்."

சொல்லிவிட்டு அதற்கும் அழுதாள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அவள் கணவர் இறந்தார். அதற்குப் பிறகு தவமணி சமைப்பதை நிறுத்தினாள். குளிப்பதை நிறுத்தினாள். "நான் இருந்து யாருக்கு என்னா," என்று ஒருநாள் சொன்னாள். மனச்சோர்வு நோய் என்று டாக்டர் சொல்லி ஒரு கேப்சூல் கொடுத்தார். சில வாரங்களில் தூங்கினாள். இரண்டு மாதத்தில் என்னைக் கூப்பிட்டு மீன் கறி போட்டாள். அந்தக் கேப்சூல் அவளை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

முழுசாகத் திருப்பிக் கொடுத்ததா? அதுதான் கேள்வி.

இரண்டு வருஷத்துக்கு முன் லாபிஸில் அவள் அம்மா காலமானார். தவமணி எல்லா வேலையையும் பார்த்தாள் — பந்தல், வேன், சாப்பாடு. ஆனால் அழவில்லை. மற்றப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது, நடுவில் மரம் மாதிரி நின்றாள். முந்தானையால் கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. "பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாரு," என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

இப்போது இந்த ஜனவரிக்கு வருவோம்.

பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததற்காகத் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாகத் தவமணிக்கு வேண்டுதல். ஜனவரி 2-ஆம் தேதி முப்பது நாள் விரதத்தைத் தொடங்கினாள். விரதத்தில் கவிச்சி ஆகாது. அப்படியானால் அந்தக் கேப்சூலின் மேலுறை எதில் செய்தது? மருந்து கொடுக்கும் கவுண்டரில் கேட்டிருக்கிறாள். அங்கிருந்த மலாய்ப் பெண் நல்ல மனசுக்காரி, ஆறுதலாகச் சொல்லியிருக்கிறாள்: "கவலைப்படாதீங்க அக்கா, பன்றி இல்லை. மாடுதான்."

தவமணி இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். என் டைரியில் இருக்கிறது: '2 ஜன. தவமணி கேப்சூலை நிறுத்தினாள். மாடு.'

அவ்வளவுதான் எழுதினேன். நிறுத்தாதே என்று சொல்லவில்லை.

4-ஆம் தேதி: "தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி சுர்ருங்குதுடி. சட்டுனு திரும்பிப் பாத்தா வருது." அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் நாத்தனார் லெட்சுமிக்கு ஒரே சந்தோஷம். "அருளு அண்ணி அது. மொத மொத வர்றப்போ அப்டித்தான் இருக்கும்." எழுதினேன்.

6-ஆம் தேதி, கோயில் பஜனை. இரண்டாவது பாட்டில் தவமணி அழ ஆரம்பித்தாள். அம்மா, அம்மா என்று ஒரு மணி நேரம் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திரும்பிப் பார்த்தாள்... கண் சிவந்திருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்திய கண். வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'பழைய தவமணி வந்துவிட்டாள்.' அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தேன்.

8-ஆம் தேதி: மூன்று நாளாகத் தூக்கமில்லை. 9-ஆம் தேதி: மருமகள் ஏதோ கேட்டதற்குக் கரண்டியை வீசினாள். எல்லாவற்றையும் எழுதினேன், தேதி, நேரம் சகிதம். எழுதினேனே தவிர, சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமில்லை என்பதுதான் நிஜம்.

11-ஆம் தேதி கோயிலில் விழுந்தாள். அருள் வருவதை நான் குறை சொல்லவில்லை, நம்புகிறவள்தான். திருநீறு பூசி உட்கார வைத்தார்கள். பிறகு அவள் வீட்டுக்குப் போனோம். மதியச் சமையலுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதைப் பற்றியோ பேசும்போது, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நான் இருந்து யாருக்கு என்னா."

ஆறு வருஷத்துக்கு முந்திய அதே வரி. ஒரு எழுத்து மாறவில்லை.

அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தேன். "கெளம்பு, மருந்துக் கடைக்குப் போவோம்," என்றேன். "விரதத்துல இருக்கவங்கள மருந்துக் கடைக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று லெட்சுமி வாசல் வரை வந்தாள். "சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன் லெட்சுமி," என்று காரை எடுத்தேன்.

டவுனில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு மருந்துக் கடை. மருந்தாளர் சின்ன வயசுத் தமிழ்ப் பெண். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினாள். எனக்குப் புரிந்ததை ஸ்டோர்க்காரியாகவே சொல்கிறேன்.

மூளையில் ஒரு நரம்பு, பக்கத்து நரம்புக்கு ஒரு இரசாயனத்தை அனுப்பித்தான் சேதி சொல்கிறதாம். சொல்லி முடித்ததும் மிச்சச் சரக்கை ஸ்டோருக்கே திருப்பி எடுத்துக்கொள்ளும். தவமணியின் மருந்து அந்தத் திருப்பி எடுக்கும் கதவைப் பாதி சாத்தி வைக்கிறது. லைனில் சரக்கு கொஞ்சம் கூடுதலாக நிற்கும். வாரக்கணக்கில் மூளையும் அதற்கேற்ப ஆட்களை மாற்றிப் போட்டுக்கொள்ளும். ஒரே நாளில் கதவைத் திறந்துவிட்டால்? சரக்கு உள்ளே போய்விடும், ஆட்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். தலைக்குள் கரண்ட், கிறுகிறுப்பு, தூக்கமின்மை, கோபம் — எல்லாம் அந்தத் தடுமாற்றம். "அழுகைகூட அதுல ஒண்ணு ஆண்ட்டி," என்றாள்.

அப்படியானால் அந்தக் காலத்துக் குதிரை மாத்திரை? கேட்டேன். முப்பது வருஷமாகக் கேட்காத கேள்வி. "அது கதவச் சாத்துறதில்ல. இருக்கிறது பூரா ஒரே நேரத்துல வெளிய கொட்ட வச்சிரும். அப்புறம் காலி." இரண்டு நாள் நான் ஏன் சுவரைப் பார்த்துக் கிடந்தேன் என்பது இப்போதுதான் விளங்கியது.

கடைசியாக அந்தப் பெண் நல்ல சேதி ஒன்று சொன்னாள். மாட்டு ஜெலட்டின் உறை இல்லாத மாத்திரையாகவும் இந்த வகை மருந்து உண்டு. நாளைக்கே டாக்டரைப் பார்த்துக் கேளுங்கள் என்றாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாடு பிரச்சினை தீர்ந்தது! திரும்பித் தவமணியைப் பார்த்தேன். அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது.

காரில் ஏறினோம். சாவியைத் திருப்பவில்லை.

"மாடு இல்லன்னா முழுங்குவதான?"

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டுச் சொன்னாள்: "மாடு ஒரு சாக்குடி."

"தெரியுது."

"எங்கம்மாவ எடுக்குறப்போ கல்லு மாதிரி நின்னேன். இந்தப் பத்து நாள்லதான் அவங்களுக்காக அழுதிருக்கேன். இதையும் புடுங்கிக்கப் போறியா நீ?"

அழுகையும் அந்தத் தடுமாற்றத்தில் ஒன்று என்று அந்தப் பெண் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்திருந்தது. அந்தக் கண்ணீர் மருந்து இல்லாமல் போனதால் வந்ததா, அம்மாவுக்காக வந்ததா? இதைப் பிரித்தெடுக்க எந்த ஸ்டோர் கணக்கும் உதவாது.

"எனக்கும் பழைய தவமணிதான் வேணும். அதான் பத்து நாளா எல்லாத்தையும் பாத்துட்டும் வாயத் தொறக்கல," என்றேன். "ஆனா பழைய தவமணி தூங்குவாடி. கொறட்ட விட்டுத் தூங்குவா. ஆறு பேருக்கும் கேக்கும்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. கொஞ்சமாக.

"அழ வரலன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கியா?"

"அதெல்லாம் ஒரு நோயாடி? எப்டி இருக்கீங்கன்னு கேப்பாரு. ஓகேம்பேன். ஆறு வருஷமா ஓகே."

யோசித்துப் பாருங்கள். முட்டி வலித்தால் சொல்கிறோம். வயிறு உப்பினால் சொல்கிறோம். வலிக்கவே இல்லை என்பதை யாராவது டாக்டரிடம் போய்ப் புகாராகச் சொல்வோமா?

மறுபடி கடைக்குள் போனோம். இந்தத் தடவை, அழ வராததைப் பற்றித் தவமணியே கேட்டாள். அந்தப் பெண் தலையசைத்தாள். "நெறைய பேருக்கு இருக்கு ஆண்ட்டி. சொல்லத்தான் மாட்டாங்க. துக்கத்தக் கொறைக்கிறப்போ சில பேருக்கு மத்த உணர்ச்சியும் சேந்து கொறஞ்சிரும். அளவக் கொறைக்கலாம், மருந்த மாத்தலாம். டாக்டர் மெதுவாச் செய்வாரு. நீங்களா நிறுத்துனா இப்படித்தான், கோயில்ல விழுவீங்க."

அன்று அவள் வீட்டிலேயே தங்கினேன். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைத் தேதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் பதினோரு விஷயம். வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காப்பிகூடக் குடிக்காமல் முதல் வேலையாக, ஏழு மணிக்குக் கிளினிக் வாசலில் நின்றோம். எட்டரைக்கு எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே எப்படி இருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

தவமணி என் தாளை எடுக்கவே இல்லை.

"நல்லா இல்ல டாக்டர்," என்று அவளும் மலாயில் சொன்னாள். "எனக்குத் தூக்கமும் வேணும், எங்கம்மாவுக்காக அழவும் வேணும். ரெண்டுக்கும் வழி இருக்கா?"

டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.