மூன்று கேள்விக்காரர்

கால்நடை மருந்துக் கடைக்காரருக்கு எங்கள் தெருவில் 'மூணு கேள்வி' என்றுதான் பெயர். குடற்புழு மருந்து கேட்டால் பாட்டிலைத் தொடுவதற்கு முன் எடை என்ன, சினையா, பால் கறக்கிறதா என்று கேட்பார். பதில் தெரியாதவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வர வேண்டும். பெண் பார்க்கப் போனபோதுகூட இத்தனை கேட்டிருக்க மாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டு ஆட்டுக்கே மருந்து ஊற்றினார். சொந்த ஆடாயிற்றே, யாரைக் கேட்பது? பாட்டிலைப் பார்த்ததும் மனைவிக்கு முகம் செத்துப்போனது.

"இதையா குடுத்தீங்க? ரெண்டு தடவை சினை நிக்காம, மூணு வாரம் முன்னாடிதான் மறுபடி கிடாகிட்ட விட்டுட்டு வந்தேன்."

"சொல்ல வேண்டாமா?"

"ஊரையெல்லாம் கேக்குற வாய், என்னைக் கேட்டுச்சா?"

ஆரம்பச் சினையில் அந்த மருந்து குட்டியை ஊனமாக்கலாம் என்று ஊருக்குச் சொன்னவரே அவர்தான். மருத்துவரோ, "குட்டி போடுற வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டார்.

ஆடு நிம்மதியாக அசைபோடுகிறது. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கடையில் இப்போது கேள்வி நான்கு. "வீட்டுல கேட்டுட்டு வந்தீங்களா?" என்பது முதல் கேள்வி. அதைக் கேட்கும்போது மட்டும் எதிரில் நிற்பவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை.