எட்டாவது ஆள்

எங்கள் மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'நிதானம்'. லிஃப்ட் நடுவில் நின்றுபோனாலும் அதைத்தான் சொல்வார். வெள்ளத்தில் அடிபட்டவர்களின் மனசு பிறகு என்ன பாடு படுகிறது என்று ஆராய்கிற துறை எங்களுடையது. புதிதாகச் சேர்கிறவர்களைப் பழக்கிவிடுவது அவர் பொறுப்பு. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் எல்லாப் பக்கமும் வரும். அவர் வீட்டுக்காரர் ஒருநாள் மதியச் சாப்பாட்டை ஆபீஸுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, "வீட்லயும் ஒருத்தன் இருக்கேன். யாரையாவது அனுப்பி என்னையும் பேட்டி எடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் சிரித்தார். சாப்பிட மறந்துவிட்டார்.

அவர் பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அனுபவமில்லாத நாங்கள் எதையாவது எக்குத்தப்பாகக் கேட்டு, நொந்துபோனவர்களை இன்னும் நோகடித்துவிடக் கூடாது. அதனால் முதல் பேட்டிக்கு எல்லோரையும் ஒரே வீட்டுக்குத்தான் அனுப்புவார். ஆற்றோரத்தில் ஒரு தையல்காரம்மா, வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்தவர். பொறுமைசாலி, தெளிவாகப் பேசுவார், எங்களைக் கண்டால் முகம் சுளிக்க மாட்டார். அவரிடம் போன எட்டாவது ஆள் நான்.

மெஷினை ஓரம் தள்ளி எனக்கு நாற்காலி போட்டார். ரெக்கார்டரை வைத்துக்கொண்டு நான் திணறியதைப் பார்த்து, "சைடுல இருக்கிற பட்டன்மா" என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். தண்ணீர் வாசற்படி ஏறியது, கரண்ட் போனது, பையனை அலமாரி மேல் உட்காரவைத்தது, சுவர் விழுந்தது. நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து சொன்னார். பையனின் கை நழுவிய இடம் வந்ததும், தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிச்சுக்கோம்மா. இந்த இடத்துல எல்லாருக்கும் தொண்டை அடைக்கும்."

குடித்தேன். புத்தி இருந்தால் அப்போதே உறைத்திருக்கும். நானோ துறைக்குத் திரும்பி, பேட்டி அருமையாக வந்திருக்கிறது என்று மேடத்திடம் பீற்றிக்கொண்டேன். சொம்பு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாருக்கும்னா சொன்னாங்க?"

"ஆமா மேடம்."

"உங்களுக்குக் கை பழகணும்னு அவங்களப் போட்டுத் தேய்ச்சிருக்கேனே."

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரெக்கார்டர் வேண்டாம் என்றார். எங்களைக் கண்டதும் தையல்காரம்மா மெஷினை ஓரம் தள்ளினார். "உக்காருங்க மேடம். தண்ணி வாசப்படி ஏறுறப்போ நான் அடுப்படியில..." நேற்றுக் கேட்ட அதே வார்த்தைகள், அதே நிறுத்தம்.

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. இனிமே யாரும் வந்து உங்களக் கேட்க மாட்டாங்க. என்னை மன்னிச்சிடுங்க."

தையல்காரம்மா நிம்மதியாவார் என்று நினைத்தேன். வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார்.

"வரமாட்டாங்கன்னா? என் வீட்டுக்காரர், பையன் பேரை எடுத்தாலே எழுந்து போயிடுறாரு. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. உங்க பசங்களும் வரலன்னா நான் யார்கிட்டதான் பேசுறது?"

"அப்போ பசங்களுக்குப் பதிலா நான் வரேன்" என்றார் மேடம். "அந்த நாளைப் பத்திச் சொல்ல வேணாம். அதுக்கு முன்னாடி அவன் எப்படி இருப்பான்? என்ன சேட்டை பண்ணுவான்?"

எங்கள் கேள்விப் பட்டியல் வெள்ளம் வந்த நாளில்தான் தொடங்கும். இதை எங்களில் யாரும் கேட்டதே இல்லை.

தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "அவனா? அவன்..." என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார். "அலமாரி மேல உக்காந்து..." என்றார். உடனே தலையை உதறிக்கொண்டார். "அது இல்ல. அது அன்னிக்கு. அதுக்கு முன்னாடி..."

எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது எனக்கு.

"இருங்க மேடம், வரும்" என்றார். மடியில் கிடந்த துணியை விரல்கள் கசக்கிக்கொண்டிருந்தன. "நான் பெத்த புள்ள. வராம எங்க போயிடும்?"

மேடம் 'நிதானம்' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். தையல்காரம்மா அதைத் தொடவில்லை. அலமாரி இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.