மூன்றாம் பேஸ் கோட்டில் நின்ற மனிதர்

செய்தி ஃபோனில்தான் வந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். "மல்வேர்னின் பிரபல பேஸ்போல் ரசிகர் திரு. அருள்தாஸ் இன்று காலை காலமானார்" என்று குழுவில் போட்டிருந்தவர் எங்கள் பழைய கிங்பிஷர்ஸ் பேஸ்போல் கழகத்தின் முன்னாள் தலைவர். அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழத் தொடங்கின.

அழுகை பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம். "ரசிகராம், ரசிகர்!" என்று நான் சத்தமாகச் சொன்னதில் பக்கத்தில் நின்ற பெண் திடுக்கிட்டு விலகினாள். நுழைவுச்சீட்டு வாங்கிக் கைதட்டிவிட்டுப் போகிறவர்தான் ரசிகர். அருள்தாஸ் அண்ணை அந்த அணியின் சொந்தக்காரர். நானும் சொந்தக்காரி. இதை வாசிக்கிற உங்களில் பலரும் ஒரு காலத்தில் சொந்தக்காரர்தான். அதை மறந்துபோனீர்கள் என்றால் முதலில் அதை நினைவுபடுத்துகிறேன்.

அந்த அணி, பலகை மரம் விற்கும் ஒரு மரக்காலைக்காரருக்குச் சொந்தமாக இருந்தது. அவர் அலுத்துப்போய் இழுத்து மூடப் பார்த்தபோது சுற்றுவட்டாரத்துச் சனம் சேர்ந்து எடுத்தது. வீட்டுக்கு ஒரு பங்கு, அதற்கு மேல் எவருக்கும் கிடையாது. ஜமேய்க்கர், பிலிப்பினோக்கள், இத்தாலியக் கிழவர்கள், போருக்குத் தப்பி வந்த தமிழர் நாங்கள். பெரிய அணிகளுக்குப் போகக் காத்திருக்கும் பையன்களும், அங்கே போய்த் திரும்பி வந்தவர்களும் எங்களுக்காக விளையாடினார்கள். எங்கள் பெண்கள் மைதானத்து வாசலில் மட்டன் ரோல்ஸ் விற்றார்கள். நான் ஒலிவாங்கியில் ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிவித்தேன். அண்ணை கழகத்தின் செயலாளர்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நகர நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறையில் ஏழு பேரோடு இருந்துவிட்டு மல்வேர்னுக்கு வந்தவர் அவர். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பிறந்த கத்தோலிக்கர். பேஸ்போலை எங்கே படித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "இதிலை படிக்க என்ன கிடக்கு, பிள்ளை? எங்கடை எல்லேதான். வெள்ளைக்காரன் கையுறை போட்டு விளையாடுறான், அவ்வளவுதான்" என்றார். பள்ளிக்கூடத்தில் தடியால் பந்தடித்து ஓடிய அதே ஆட்டம்தான் என்று அவர் விளக்கிய பிறகுதான், அதுவரை எட்டிப் பார்க்காத எங்கள் ஆட்கள் மைதானத்துக்கு வரத் தொடங்கினார்கள். நடுவரை யாழ்ப்பாணத் தமிழில் ஏசவும் பழகினார்கள்.

எங்கள் கழகத்தில் வாக்கெடுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் அண்ணைதான். பொதுக்கூட்டம் மைதானத்தில்தான் நடக்கும். ஒரு தீர்மானத்துக்கு ஆம் என்கிறவர்கள் பந்தடிக்கும் இடத்திலிருந்து வலப்பக்கமாக முதலாம் பேஸுக்குப் போகும் வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டும். இல்லை என்கிறவர்கள் இடப்பக்கத்து மூன்றாம் பேஸ் கோட்டில். கடதாசி வாக்கு இல்லை, ஒருவருக்காக இன்னொருவர் நிற்பதும் இல்லை. கையைத் தூக்கினால் போதாதா என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "கையைத் தூக்கிப்போட்டுப் பிறகு தலை சொறிஞ்சனான் எண்டு சொல்லலாம். காலை ஒளிக்கேலாது" என்றார் அண்ணை. நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல இத்தாலியக் கிழவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்றைக்கே அது சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டத்தை வைத்துத்தான் எங்களைக் கவிழ்த்தார்கள்.

ஊரில் சண்டை முடிந்த அந்த மே மாதத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் முழுவதும் நகர நடுவில், வீதியில் கிடந்தது. பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து ஒரு பணக்காரர் அணியை வாங்கிக்கொண்டுபோகக் கேட்டிருந்தார். விற்பதா, இல்லையா என்று முடிவெடுக்கும் கூட்டம் அந்தக் கிழமையில்தான் குறிக்கப்பட்டிருந்தது. விற்கக் கூடாது என்று நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நாங்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவரும் தமிழர்தானே! வீடு வாங்கி விற்கும் தரகர். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும்.

அண்ணை தலைவரின் அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரவு பகலாக வீதியில் நின்று கத்தியதில் அவருக்குக் குரலே இல்லை. வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த அவருடைய சொந்தத் தம்பி குடும்பத்தின் செய்தி நின்றுபோயிருந்தது.

"தம்பி, ரெண்டு கிழமை தள்ளி வையுங்கோ. சனம் செத்த வீட்டிலை நிக்குது. இப்ப ஆர் வந்து கோட்டிலை நிப்பினம்?" என்று கேட்டார்.

"அண்ணை, எனக்கும் கவலைதான். ஆனா உலகம் எங்களுக்காக நிக்குமே? கழகத்தின்ரை யாப்புச் சட்டப்படி அறிவிச்சாச்சு. வாறவை வரட்டும்."

"யாப்பை நான்தான் எழுதினனான், தம்பி. உப்பிடிச் செய்யிறதுக்கு எழுதேல்லை."

தலைவர் தோளைக் குலுக்கினார். எரிகிற வீட்டில் பிடுங்கினது மிச்சம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழிக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

கூட்டத்தன்று அண்ணை வீதியிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தார். விற்கச் சொல்கிற மற்றச் சனம் முதலாம் பேஸ் கோட்டில் நெருக்கி நின்றது. மூன்றாம் பேஸ் கோட்டில் அண்ணை, நான், ஒரு இத்தாலியக் கிழவர். மூன்றே பேர். அண்ணை அடிக்கடி வாசலைப் பார்த்தார். பஸ்கள் வந்து நின்றன, போயின. எங்கள் ஆட்கள் ஒருவரும் இறங்கவில்லை. எப்படி இறங்குவார்கள்? அந்த நேரம் அவர்கள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாத ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோற்றோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் சொந்தக்காரரில் ஒருவர், முறை வைத்து, பந்தடிப்பவர் நிற்கும் இடத்து வெள்ளைப் பலகையான ஹோம் பிளேற்றைச் சின்னத் தும்புத்தடியால் கூட்டிவிடுவது எங்கள் வழக்கம். அணி கைமாறினால் அந்தத் தும்புத்தடியைப் புதியவரிடம் கொடுக்க வேண்டியவர் செயலாளர். அண்ணை கொடுத்தார், கையும் குலுக்கினார். "எறிஞ்சுபோட்டு வாங்கோ அண்ணை!" என்று நான் பல்லைக் கடித்தேன். "விளையாட்டிலை தோத்தால் கை குடுக்க வேணும், பிள்ளை" என்றார். யாரோ படம் எடுத்தார்கள்.

அந்தப் படம் எங்கள் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் வந்தது. பக்கத்துப் பக்கங்களில் முள்ளிவாய்க்கால் பிணங்கள். நடுவில் ஒரு வெள்ளைக்காரருக்குக் கைகுலுக்கும் அருள்தாஸ். போதாதா? "சனம் சாகேக்கை இவர் ரீம் வித்தவர்" என்ற பேச்சு தொடங்கியது. யார் தொடக்கினார் என்று நான் விசாரித்தேன். விசாரித்த நூல் தலைவரின் அலுவலக வாசலில் போய் முடிந்தது. தேவாலயத்தில் அண்ணை உட்கார்ந்த வாங்கில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. கடையில் அவர் நுழைய, பேசிக்கொண்டிருந்தவர்கள் மரக்கறியைத் தெரிவு செய்யத் தொடங்கினார்கள். தம்பியும் குடும்பமும் முடிந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். நீங்கள் போனீர்களா? யோசித்துப் பாருங்கள்.

அண்ணை வாயே திறக்கவில்லை. எனக்கு அவரிலும் கோபம், சொல்லிவிடுகிறேன். ஒரு குளிர்காலத்தில் பஸ் தரிப்பிடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணை வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்கிறியள்? நான் விக்கேல்லை எண்டு சொல்லுங்கோவன்!"

"சொன்னால் அடுத்த கேள்வி என்ன, பிள்ளை? அப்ப ரீம் எப்பிடிப் போனது எண்டு கேப்பினம். நீங்கள் வராததாலை போனது எண்டு சொல்லவோ? அண்டைக்கு ஒவ்வொருத்தரும் தாய் தேப்பனைத் தேடிக்கொண்டு நிண்டவை. அதுக்கு மேலை இதையும் அவையின்ரை தலையிலை வைக்கவோ?" தொப்பியை இழுத்துவிட்டார். "என்ரை தலை கொஞ்சம் பெரிசு. இதிலை இருக்கட்டும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். உங்களை நோகடிக்கக் கூடாது என்று அந்த மனிதர் உங்கள் ஏச்சையே சுமந்தார். அந்தப் பதிலைக் கேட்டு நான் உருகவில்லை. வந்த பஸ்ஸில் ஏறி, வீடு போகும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தார். உயிரோடு இருக்குமட்டும் என்று மட்டும்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

இறுதிப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்குப் போனேன். செபமாலை முடிந்திருந்தது. அவருடைய மகள் ஜெனிற்றா என்னை ஓரமாக இழுத்துப்போனாள். சின்ன வயதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எனக்குப் பக்கத்தில் இருந்து ரோல்ஸ் தின்ற பிள்ளை. அந்த மே மாதத்துக்குப் பிறகு பேஸ்போல் பக்கமே வரவில்லை.

"அன்ரி, ப்ளீஸ், உண்மையைச் சொல்லுங்கோ. அப்பா ஏன் ரீமை வித்தவர்? ஸ்கூலிலை எல்லாரும் கேட்டவை. ஐ ஹேற்றட் ஹிம் ஃபோர் இற், அவரை வெறுத்தே போனன். நான் அவரைக் கேக்கவே இல்லை."

ஊருக்கு விட்டுக்கொடுத்த பெயர் வீட்டுக்குள்ளும் போய்விட்டிருந்தது. அது அவருக்குத் தெரிந்துதான் இருந்ததா, தெரியாமலே போனாரா என்று இனி யாரிடம் கேட்பது?

அதே நேரம் பார்த்து ஒலிவாங்கியில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "அன்னார் ஒரு தீவிர ரசிகர். அவரது சில முடிவுகளில் எமக்குக் கருத்து வேறுபாடு இருந்தாலும் இன்று அவற்றை மன்னிப்போம்" என்றார். மன்னிப்பாராம்! நான் முன்னால் போய் அவர் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன். பிடுங்கினேன் என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரிதான்.

அந்தக் கிழமை நடந்தது முழுவதையும் சொன்னேன். அலுவலகத்தில் கேட்டதையும், வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதையும், பஸ் தரிப்பிடத்தில் சொன்னதையும் சொன்னேன். பிறகு, மைதானத்தில் அறிவிக்கிற அதே குரலில் அறிவித்தேன்: "அருள்தாஸ் அண்ணை ரீமை வித்தவர் எண்டு நினைக்கிற ஆக்கள் முதலாம் பேஸ் பக்கம் நில்லுங்கோ. இல்லை எண்டுற ஆக்கள் மூண்டாம் பேஸ் பக்கம் வாங்கோ. எழும்புங்கோ!"

பெட்டிக்கு வலப்பக்கத்துக் கதிரைகளை முதலாம் பேஸ் என்றும் இடப்பக்கத்துக் கதிரைகளை மூன்றாம் பேஸ் என்றும் கைகாட்டினேன். ஜெனிற்றா தகப்பனின் பெட்டியைச் சுற்றி வந்து மூன்றாம் பேஸ் பக்கம் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பிறகு பழைய சொந்தக்காரர்கள் எழுந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள், சில பெண்கள் வாய்விட்டு அழுதுகொண்டு வந்தார்கள். அன்றைக்கு வராத கால்கள் எல்லாம் வந்தன. கடைசியில் முதலாம் பேஸ் பக்கத்தில் தலைவர் மட்டும் கதிரையில் இருந்தார். எல்லோரும் அவருடைய காலைப் பார்த்தோம். அவர் எழுந்து, மண்டபத்தின் நடுவால் நடந்து, எங்கள் பக்கம் வந்து நின்றார். அணியை விற்றது அருள்தாஸ் அல்ல என்று அவருடைய காலே சொல்லிவிட்டது.

அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, எத்தனை பேர் நின்றாலும் நிற்க வேண்டிய கோட்டில் போய் நிற்பது. மற்றது அவருடைய கோபம். அதை அவர் ஒருநாளும் பாவிக்கவில்லை, புதிதாகவே கிடந்தது. நான் பாவிக்கிறேன்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள்.

அவர் விற்கவில்லை.