மலையில் தங்க எந்த வண்டி

மொட்டை மாடியில் சாக்பீஸால் இரண்டு பெட்டிகள் வரைந்து, ஒன்றில் நானும் மற்றொன்றில் என் கணவரும் மல்லாந்து படுத்திருந்தோம். மிளகாய் காயவைக்க மேலே வந்த மாமி, அவருடைய அம்மா, முறத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? ரெண்டு பேரும் இப்படிக் கெடக்கறீங்க?"

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக் கடை. வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மதியமே கடையைச் சாத்திவிட்டுக் கல்வராயன் மலைக்குப் போய், தெரிந்த விவசாயி யாரிடமாவது கேட்டுக்கொண்டு அவர் நிலத்து ஓரத்தில் கூடாரம் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு மறுநாள் இறங்கி வருவது மூன்று வருடமாக எங்களுக்குப் பிடித்துப்போன பழக்கம். எங்கள் சின்ன கார் போன மழைக்காலத்தில் ஒரு பாறையில் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டது. இனி இதை மலைக்கு ஏற்றாதீர்கள் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

அடுத்து எந்த வண்டி என்பதில்தான் சிக்கல். என் கணவருக்கு லோடு பிக்கப் வேண்டும். பின்னால் தாராளமாகப் படுக்கலாம், கடைக்கு அண்டாவும் ஏற்றலாம் என்பார். எனக்கு எஸ்யூவி வேண்டும். கூரை, கண்ணாடி, பூட்டு எல்லாம் இருக்கிற வண்டி. பேசிப் பேசி முடியாமல், இரண்டு வண்டிகளிலும் படுக்கக் கிடைக்கும் இடத்தை டேப் வைத்து அளந்து மாடியில் வரைந்திருந்தோம். என் பெட்டியில் அவர் படுத்தால் கால் கோட்டுக்கு வெளியே போனது. அவர் பெட்டியில் நான் புரண்டு படுக்கவே இடம் இருந்தது. ஆனால் மேலே வானம்.

இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். மாமி இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல எனக்கு எங்க எடம்?"

நாங்கள் எழுந்து உட்கார்ந்தோம். மாமிக்கு அறுபத்து மூன்று வயது, வலது முழங்கால் மடங்காது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே மலை நீலமாகத் தெரியும். ஐந்து வேளையும் அவர் தொழத் திரும்புகிற பக்கமும் அதுதான். ஆனால் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. அவரைக் கூப்பிடலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டையும் இரவல் வாங்கி, மாமியையும் கூட்டிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. முதலில் விழுப்புரத்திலிருந்து கொழுந்தனாரின் எஸ்யூவி வந்தது. வெண்ணெய் நிற சீட். உள்ளே எண்ணெய்ப் பண்டம் எதுவும் வேண்டாம் அண்ணி என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, டீக்கடை வாசலில் நின்றவர்கள் நாங்கள் கேட்காமலே ஒதுங்கி வழிவிட்டார்கள். கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாலையோரம் நின்றபடியே சாப்பிட்டோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி அலுங்காமல் ஏறியது.

"பயமா இருக்காம்மா?" என்று மாமியிடம் கேட்டார் என் கணவர்.

"பயமா? சோபால ஒக்காந்துகினு டிவி பாக்கற மாதிரில்ல இருக்கு."

அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். இரவு படுப்பதற்காக மடக்கிய சீட்டு சமமாக விரியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு மேடு இருந்ததால் நான் சரிந்து சரிந்து மாமி மேல் விழுந்துகொண்டிருந்தேன். விடிந்து பார்த்தால் மூன்று பேர் மூச்சில் கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. மாமி விரலால் துடைத்து வெளியே பார்த்தார். "இவ்ளோ தூரம் வந்து பீரோக்குள்ள படுத்த மாதிரி ஆயிடுச்சி" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, சின்னசேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் ஒரு வாடிக்கையாளரிடம் பிக்கப்பை வாங்கி வந்தோம். முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். கியர் கம்பி என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. மாமியை ஏற்ற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்துப்போனோம்.

அதே கச்சிராயபாளையம், அதே டீக்கடை. டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் ஒரு பெண் நேராக எங்களிடம் வந்தார். நாற்பது வயது இருக்கலாம். பஸ் நிறுத்தத்தில் பழைய போர்வை சுற்றிய இரும்பு பீரோ ஒன்று நின்றிருந்தது.

"அண்ணே, கரியாலூர் பக்கம் போவுதா வண்டி?"

"போவுதுங்க. ஆனா வாடகை வண்டி இல்ல. சும்மா சுத்திப் பாக்கப் போறோம்."

"லோடு வண்டியிலயா?" அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "சும்மாதான போறீங்க, இத ஏத்திகினு போங்க. பஸ்ல ஏத்த மாட்டேங்கறாங்க. பின்னால ஆளு ஏறுனா போலீஸ்ல புடிப்பாங்க, நான் பஸ்ல வந்துடறேன். கரியாலூர் ஸ்டாப்புல நில்லுங்க."

எங்கள் ஊர் எது என்று அவர் கேட்கவில்லை, போன் நம்பரும் வாங்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்களே பிடித்து ஏற்றிவிட்டார்கள். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். போன தடவை இதே வாசலில் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியவர்களும் இவர்கள்தானோ என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வண்டியைத் தவிர நாங்கள் மூவரும் அதே ஆட்கள்தான்.

பாதி வளைவில் மழை பிடித்துக்கொண்டது. எங்களிடம் இருந்தது ஒரே தார்ப்பாய்.

"பீரோ மேல போடுடா" என்றார் மாமி.

"அப்ப நம்ம படுக்கை?"

"நம்பிக் குடுத்திருக்கா ஒருத்தி. போடு."

படுக்கை நனைந்தது, அரிசி நனைந்தது. தார்ப்பாயைக் கட்டிவிட்டு என் கணவரும் தொப்பலாக நனைந்து ஏறி உட்கார்ந்தார்.

கரியாலூரில் பஸ் எங்களுக்கு முன்பே வந்திருந்தது. அங்கிருந்து அந்தப் பெண்ணின் வீடு மண்பாதையில் கொஞ்ச தூரம். முன்னால் இடமில்லாததால் நான் இறங்கி அவரோடு நடந்தேன். மழை விட்டிருந்தது. பீரோ எதற்கு என்று கேட்டேன்.

"ரேஷன் கார்ட எலி கடிச்சிடுச்சிக்கா. பொண்ணு நர்சிங் படிக்குது. அது சர்டிபிகேட்டயும் கடிச்சா இன்னா பண்றது?"

அவருடைய தம்பியும் என் கணவரும் பீரோவை இறக்கி வீட்டுக்குள் வைத்தார்கள். எங்கள் போர்வைகளை அந்தப் பெண் வாங்கி அடுப்புக்கு மேலே கொடியில் போட்டார். வண்டியை முற்றத்திலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

அசர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தரையெல்லாம் சேறு. மழை கழுவிவிட்ட லோடு வண்டியின் பின்பக்கம் மட்டும் சுத்தமாக, சமதளமாக இருந்தது. மாமி அதைக் காட்டினார். ஸ்டூல் மேல் ஒரு கால் வைக்க, நானும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்து மெல்ல ஏற்றிவிட்டோம். அதே ஸ்டூலை மேலே தூக்கிக் கொடுத்தோம், உட்கார்ந்து தொழ. ஏறி நின்ற மாமி சுற்றிலும் பார்த்தார்.

"மேற்கு எதுடா?"

என் கணவர் ஒரு பக்கம் காட்டினார், நான் இன்னொரு பக்கம். வழியில் அத்தனை வளைவு திரும்பியிருந்தோம். வானம் முழுக்க மேகம். போனில் திசைகாட்டியைப் பார்த்தால் முள் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் மலை இருக்கும் பக்கம்தான் மாமிக்கு மேற்கு. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை.

அந்தப் பெண் முகவாயால் காட்டினார். "அந்தப் பலா மரத்துக்கும் பாறைக்கும் நடுவுல. இந்த மாசத்துல பொழுது அங்கதான் உழும்."

தொழும் திசை மேற்கிலிருந்து சற்று வடக்கே என்பதால், மாமி அதற்குக் கொஞ்சம் வலப்புறமாகத் திரும்பிக்கொண்டார். தொழுது முடியும்வரை அந்தப் பெண் வண்டியின் பின்பலகையைப் பிடித்தபடி நின்றார். முடிந்ததும் கேட்டார்.

"அந்தப் பக்கம் இன்னா இருக்குது?"

"மக்கா."

"ரொம்ப தூரமா?"

"தூரம்தாம்மா. ஆனா திரும்பி நின்னா போதும்."

அன்று மாமி அந்த வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டார். தம்பி மூங்கில் நட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் கொடுக்க, நாங்கள் வண்டியில் படுத்தோம். எனக்கு அப்படி ஒரு தூக்கம்.

இறங்கி வரும்போது என் கணவர் சொன்னார், "பெரிய காரே வாங்கிடலாம். ஈரத் துணியில என்னால ஆவாது."

"எனக்கு இப்ப லோடு வண்டிதான் வேணும்" என்றேன்.

இம்முறை நடுவில் உட்கார்ந்திருந்த மாமி கண்ணை மூடியபடியே, "கியரு குத்தாத வண்டியா பாருங்க" என்றார்.

கடைசியில் வாங்கியது பழைய பிக்கப்தான். ஆனால் நான்கு கதவு, பின் சீட்டும் உண்டு. பின்பக்கத்துக்கு மூடி போட பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

"இன்னா ஏத்தப் போறீங்க? கோழியா, ஆடா?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"ராத்திரி நிறுத்திட்டுப் படுத்துக்க. நாங்கதான்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, உள்ளே நீட்டிப் படுத்துப் பார்த்தார். "தலைமாட்டுல ஒரு ஜன்னல் வைக்கறேன், காசு வேணாம். நானே பாக்கணும் அது எப்படி இருக்குன்னு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

போன மாதம் சேராப்பட்டு வரை போய் வந்தோம். பின் சீட்டின் முதுகு செங்குத்தாக இருக்கிறது என்று மாமி வழியெல்லாம் குறை சொன்னார். ஆனாலும் காலை நீட்டிக்கொண்டு, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு வந்தார். திரும்பும் வழியில் திடீரென்று கேட்டார்.

"ஏன்டா, கடலோரத்துல இப்படி வண்டிய நிறுத்திப் படுக்க வுடுவாங்களா?"

"மணல்ல சக்கரம் எறங்கிடும்மா."

"அதுக்கு எந்த வண்டி தோதுன்னு யாரையாச்சும் கேட்டு வையி" என்றார்.