பயனாளி ஒருவர்

என் அக்காவுக்கு அவள் சலவைக்கடை இருந்த தெரு வைத்த பெயர் 'எதுக்கு'. யாராவது வலிய வந்து நல்லது செய்தால் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். பக்கத்துத் தையல்காரர் ஒருநாள் சும்மா ஒரு பட்டன் தைத்துக் கொடுத்ததற்கு, ஒரு வாரம் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள் கடைச் சாவியை மட்டும் தன்னிடம் வேலை செய்த நான்கு பெண்களிடம் கொடுத்து வைத்திருந்தாள். நால்வரும் சிறையிலிருந்து வந்தவர்கள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்து, இஸ்திரி போட்டு, மூட்டை கட்டுவார்கள். என்ன செய்துவிட்டு உள்ளே போனார்கள் என்று அவள் கேட்டதே இல்லை.

அவளும் எட்டு மாதம் உள்ளே இருந்தவள். ஒரு கிடங்கில் வேலை பார்த்தபோது, மேலாளர் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். காணாமல் போன சரக்கெல்லாம் அவள் தலையில் விடிந்தது. அந்த எட்டு மாதமும் அவள் வெளியூரில் வேலை பார்த்ததாக என் மாமியாரிடம் அளந்துவிட்டவள் நான். அந்த நால்வருக்கும்கூட விஷயம் தெரியாது.

கடை இருந்த கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள் என்றானது. வேறு இடம் தேடி என் செருப்பு தேய்ந்தது. சலவை என்றதும் தண்ணீர் ஒழுகும் என்பார்கள், வேலை செய்பவர்கள் யார் என்று தெரிந்ததும் அதையும் சொல்லாமல் கதவைச் சாத்துவார்கள்.

அந்த நேரத்தில்தான் அதிகாரி ஒருவர் விண்ணப்பத்தோடு வந்தார். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தரும் நிறுவனங்களுக்கு அரசாங்கம் புதிய அங்காடிக் கட்டடத்தில் அறை கொடுக்கிறதாம். மூன்று வருஷம் வாடகை கிடையாதாம்.

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"உங்கள மாதிரி ஆளுங்களுக்கு உதவத்தாம்மா."

"எங்கள மாதிரின்னா?"

அவர் அசடு வழிந்தார். அக்கா விண்ணப்பத்தை வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிக்கோலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.

"எல்லாரும் கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்கம்மா."

"நானும் ஒரு தடவை அப்படித்தான் போட்டேன்."

நல்லவேளை, அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் பக்கத்தில் அடிக்கோல் நின்றது. அக்கா உரக்கப் படித்தாள்: "பயனாளிகளின் பெயரும் புகைப்படமும், முன்னாள் சிறைவாசி என்ற குறிப்புடன், முகப்புப் பலகையில் இடம்பெற வேண்டும்."

இஸ்திரி மேசைகளில் கைகள் நின்றுவிட்டன. "எம் பொண்ணு அந்த வழியாத்தான்க்கா பள்ளிக்கூடம் போறா" என்றாள் நால்வரில் ஒருத்தி.

"நல்ல எண்ணத்துலதாம்மா கேக்கறாங்க" என்றார் அதிகாரி. நல்ல எண்ணம் எதற்குப் பலகையில் ஏறி நிற்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா நிதானமாகக் கேட்டாள். "பயனாளி எத்தனை பேர் இருக்கணும்?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். "குறைஞ்சது ஒருத்தர்."

"மத்தவங்க?"

"பணியாளர்னு போட்டுக்கலாம். குறிப்பு, போட்டோ எதுவும் தேவையில்ல."

அக்கா பேனாவை எடுத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "அக்கா, என் மாமியார்…"

"உன் மாமியார்கிட்ட பொய் சொன்னது நீ. நான் சொல்லல." குரலில் கோபமே இல்லை. என் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் 'பயனாளிகள்: ஒருவர்' என்று எழுதி, கீழே தன் பெயரை எழுதினாள். அந்த நால்வரும் அவளையே பார்த்தார்கள். "விரிப்பு தீயுது" என்றாள் அக்கா.

கடை புது இடத்துக்கு மாறிய பிறகு மூன்று மாதம் என் மாமியாரை அந்த அங்காடிப் பக்கமே போகவிடாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள் அவரே பிடிவாதமாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பலகைக்கு முன்னால் நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"உங்க அக்கா மாதிரி இருக்கே."

"அக்காதான் அத்தை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். நால்வரும் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கல்லாம்? இவங்களும் உள்ள இருந்தவங்களா?"

"இல்ல அத்தை" என்றேன். "அக்கா ஒருத்திதான்."