எதிர்ப்பக்கத்துச் சீட்டு

போன வாரம் தேன்மொழியின் அப்பா கடலூரிலிருந்து போன் செய்தார். "தம்பி, பொண்ணு போயிடுச்சிப்பா. காமாலன்னு ஆஸ்பத்திரியில சேத்தோம், தங்கல" என்றார். இனி யாரோடு சண்டை போடுவது என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

2006-இல் சிதம்பரத்தில் பன்னாட்டு உறவுகள் முதுகலை படித்த நம் எல்லோருக்கும் அவளைத் தெரியும். மீனவர் வீட்டுப் பெண். கரும்பாலை இருக்கும் பெண்ணாடத்துக்காரனான என்னைச் 'சர்க்கரை ஆலை' என்றுதான் கூப்பிடுவாள்.

நம் துறையின் வழக்கம் நினைவிருக்கும். மாதிரிப் பேச்சுவார்த்தைக்குச் சீட்டு எடுத்து, எந்த நாடு வருகிறதோ அதற்காக மனசாரப் பேச வேண்டும். அந்த முறை பொருள், கடல் எல்லையில் மீன்பிடிப்பு. அவளுக்கு வந்தது இலங்கை. அவள் அண்ணனோ எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அங்கேதான் சிறையில் இருந்தார். "மாத்திக்கலாம் வா" என்றேன். "சீட்டு சீட்டுதான்" என்றாள்.

இந்தியாவுக்காக நான் கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க விசைப்படகு வந்துபோனா எங்க சின்னப் படகுக்காரன் வலை கந்தலாயிடுது. அவன் புள்ளைக்கு யார் சோறு போடுவா?" என்று கேட்டாள். அப்போதுதான் கதவோரம் அவள் அப்பாவைப் பார்த்தேன். பிடிபட்டவர்களை மீட்கச் சொல்லி மறுநாள் ஊரே கலெக்டரிடம் முறையிடப் போகிறது என்று அவளை அழைத்துப்போக வந்திருந்தார்.

"அண்ணன் அங்க கெடக்குறான், நீ அவுங்களுக்கு வக்காலத்து வாங்குறியா? படிச்சது போதும், பொட்டியக் கட்டு" என்றார்.

"அண்ணன் அவுங்க கையிலதானப்பா இருக்கு? நம்ம ஞாயத்த நமக்குள்ளயே பேசி என்னா ஆவப்போவுது? நான் இப்ப கேட்டத அவுங்க கேப்பாங்க. என்னா சொல்லுவ?"

அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். மனசு கேட்காமல் மறுநாள் நானும் கடலூர் போனேன். கலெக்டர் ஆபீஸில் ஒரே கூச்சல். அவள் அப்பா கூட்டத்தை விலக்கி முன்னால் போய், "அந்தாண்ட வலை அறுந்தது நெசந்தான் சார். எங்க படகு இனிமே அந்தப் பக்கம் போவாது. புள்ளைங்கள விடச் சொல்லுங்க" என்றார். "யோவ், காட்டிக் குடுக்குறியா?" என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். தேன்மொழி நடுவில் புகுந்து நின்றாள். அதுவரை நிமிர்ந்தே பார்க்காத அதிகாரி, "அவரப் பேச விடுங்க" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நாளில் பிடிபட்டவர்களும் திரும்பி வந்தார்கள். அந்தப் பேச்சால்தானா என்பது எனக்குத் தெரியாது. கேட்டால், "வந்துட்டாங்கல்ல, வுடு" என்பாள்.

போன வாரம் அவளை எடுத்த அன்று அவள் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "நான் உள்ள இருந்தப்ப தங்கச்சி எனக்கு எதிரா பேசுச்சின்னு ஊர்ல இன்னமும் சொல்றாங்க. நெசமாங்க?"

"நெசந்தான். நீங்க திரும்பி வரணும்னுதான் பேசுச்சு" என்றேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

முன்கோபக்காரனான நான் இன்று எந்தச் சண்டையிலும் எதிராளியின் நியாயத்தை முதலில் சொல்லிப் பார்க்கிறேன். அது அவள் கொடுத்த பழக்கம். அவளைக் கொண்டுபோன சாவுக்காக மட்டும் ஒரு வார்த்தைகூட என்னால் பேச முடியவில்லை.