மழையில் காய்ந்த அத்தி

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மராட்டிய நாட்டுப் பாணேரில் அடுக்குமாடி வீடு வாங்கியபோது சொந்தக்காரர்கள் யாரும் மெச்சவில்லை. சுற்றிலும் சோளக்காடு, பின்னால் மொட்டைக் குன்று, எப்போதாவது வரும் பஸ். என் கணவர் மட்டும் வளாகத்தின் மூலையில் நின்ற அத்திமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது போதும் புள்ள, இங்கயே இருந்துக்கலாம்" என்றார். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியர் அவர். வீட்டுக்குள் அறைகளைச் சரியாகப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மழைக்காலத்தில் குன்றிலிருந்து வழியும் தண்ணீர் சோளக்காட்டுக்குள் புகுந்து, அவசரமில்லாமல் ஊறி, எங்கள் மூலையில் வந்து தேங்கும். மழை விட்டு வெகுநாள் வரை அங்கே மண் ஈரமாக இருக்கும். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். மரமோ அடியிலிருந்தே கொத்துக்கொத்தாகக் காய்த்துத் தள்ளும். காலையில் பறவைச் சத்தத்தில் பேப்பர் படிக்க முடியாது.

கீழ்வீட்டு மராட்டிய அம்மாளை நாங்கள் எல்லோரும் காகு, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம். உம்பர் என்று அவர் சொல்லும் அத்திமரம் தத்தாத்ரேயருக்கு உரியது என்பதால் வியாழக்கிழமைகளில் அதன் அடியில் விளக்கு வைப்பார். என் கணவரின் மராட்டி அரைகுறை. காகுவுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் மரத்தைப் பற்றி இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு காடெல்லாம் மனையாயிற்று. பக்கத்து மனையை நிரவி, சுவர் எழுப்பி, குன்றுத் தண்ணீர் நேராகத் தெருவுக்கு ஓடும்படி சிமென்ட் வாய்க்கால் கட்டினார்கள். எங்கள் குடியிருப்போர் சொசைட்டியும் கார் நிறுத்துவதற்காக வளாகம் முழுக்க சிமென்ட் கல் பாவியது. சேறு ஒழிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

அடுத்தடுத்த கோடைகளில் மரத்தின் உச்சி வெளுத்தது. இலைகள் காலம் தப்பி உதிர்ந்தன. காய்ப்பு நின்றது. என் கணவர் துணி அலசிய தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கத் தொடங்கினார்.

"ஏனுங்க, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எதுக்குங்க இந்த வேலை?"

"வலிச்சா சொல்றதுக்கு எனக்கு வாயிருக்குது. அதுக்கு இல்லையே."

ஊற்றிய தண்ணீரில் பாதிக்கு மேல் கல்மேல் ஓடி கேட்டைத் தாண்டிப் போய்விடும். அவர் வெறும் வாளியோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காய்ந்த கிளை ஒன்று முறிந்து ஸ்கூட்டர்மேல் விழுந்தது. கூட்டம் போட்டார்கள். செயலாளர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நியாயமான மனிதர். குழந்தைகள் விளையாடும் இடம், மரத்துக்கு நோய் வந்துவிட்டது, மழைக்காலம் முடிந்ததும் வெட்டிவிடலாம் என்றார். காகு மட்டும் எழுந்து, "உம்பரை வெட்டுவதாக இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அன்றிரவு என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியே பார்க்கிறேன், இவர் தொப்பலாக நனைந்தபடி மரத்தடியில் குந்தி, கார் டயர் கழற்றும் கம்பியால் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்பே காகு அங்கே இருந்தார். சத்தம் கேட்டுச் செயலாளரும் வந்துவிட்டார்.

"க்யா கர் ரஹே ஹைன் ஆப்?" என்ன செய்கிறீர்கள் என்று இந்தியில் அதட்டினார்.

இவர் கம்பியை இன்னும் அழுத்தினார். ஒரு கல் பெயர்ந்து வந்தது. அடியிலிருந்த மணலையும் ஜல்லியையும் விலக்கிவிட்டு, காகு உள்ளே கைவிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளிச் செயலாளரின் உள்ளங்கையில் வைத்தார். வாரக்கணக்கில் பெய்த மழைக்கு அடியில் அந்த மண் விபூதி மாதிரி உலர்ந்திருந்தது. செயலாளர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மிட்டி தோ சூகி ஹை..." மண் காய்ந்துதான் இருக்கிறது என்றார், குரல் இறங்கி.

"பாத்தியா புள்ள, நோயுமில்ல ஒண்ணுமில்ல. தாகம்" என்றார் இவர் என்னிடம். தாடையில் மழையோடு வேறு ஏதோவும் வழிந்தது. நான் கவனிக்காத மாதிரி குடையைச் சாய்த்துப் பிடித்தேன்.

அடுத்த கூட்டத்தில், மரத்தின் நிழல் விழும் தூரம்வரை கல்லைப் பெயர்ப்பது, மொட்டைமாடி மழைக்குழாயை அந்தப் பக்கம் திருப்புவது, வாய்க்கால் தண்ணீரில் கொஞ்சம் உள்ளே வர சுவரில் துளை விடுவது என்று முடிவாயிற்று. யாருடைய கார் இடம் போகும் என்ற பேச்சு வந்தபோது இவர் முதலில் கையைத் தூக்கிவிட்டார்.

"அப்ப நம்ம காரு?" என்றேன் படியேறும்போது.

"வெயில்ல நிக்கட்டும். அதுக்கென்ன வேரா இருக்குது?"

குன்றைப் பார்த்த பக்கத்துக் கிளைகள் பிழைக்கவில்லை. அறுக்க வேண்டியதாயிற்று, அன்று இவர் வேலையிருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். மரம் பழைய உயரத்தை எட்டவேயில்லை. ஆனால் மறு வருடம் மற்றப் பக்கத்தில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. அதற்கடுத்த கோடையில் அடிமரத்தில் காய் பிடித்தது. காகு பிஞ்சாகப் பறித்து, வேர்க்கடலைப் பொடி தூவி பாஜி என்னும் பொரியல் செய்து, எங்களுக்கு ஒரு கிண்ணமும் செயலாளர் வீட்டுக்கு ஒரு கிண்ணமும் கொடுத்தனுப்பினார். கொஞ்சம் துவர்ப்பு. இவர் சோற்றில் பிசைந்து இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.